ஜெயித்த வழக்கைத் தோற்ற வக்கீல்

ஊரில் அவருக்கு வாய்தா வக்கீல் என்று பெயர். வழக்குத் தொடுத்தவர் தாத்தாவாகும்வரை ஒரு நிலத்தகராறை இழுத்தடிப்பார் என்று கோர்ட்டு வராந்தாவில் கிண்டலடிப்பார்கள். வெள்ளைக்கார அதிகாரிகள் அவரை மெச்சினார்கள். மாமனார் அதைவிட மெச்சினார். சாப்பாட்டில் உப்பில்லை என்பதைக்கூட ‘என் பணிவான அபிப்பிராயத்தில்’ என்று ஆரம்பிக்கும் மனிதரோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அவர் மனைவிக்குத்தான் தெரியும்.

அப்படிப்பட்டவர் ஒரு வழக்குக்காகப் பஞ்சாலையை நேரில் பார்க்கப் போனார். திரும்பும்போது கறுப்புக் கோட்டெல்லாம் பஞ்சு.

“ஒரு மணி நேரம் உள்ள நிக்க முடியல. அவங்க நாள் பூரா நிக்கிறாங்க” என்று இருமினார்.

பிறகு ஆளே மாறிப்போனார். ஆலை முதலாளியின் வழக்குகளைத் திருப்பிக் கொடுத்தார். வேலைநிறுத்தக்காரர்களுக்காக வாதாடினார். கடைசியில் தடையுத்தரவை மீறி ஆலை வாசலில் பேசியும்விட்டார். ஊரே அந்தப் பேச்சில் கிறங்கிக் கிடந்தது. காய்ச்சலில் படுத்திருந்த மனைவி மட்டும் கேட்கவில்லை. அவர் வாயிலிருந்து கேட்டுக்கொள்வதற்குள் போலீஸ் அவரைக் கொண்டுபோய்விட்டது.

ராஜத்துரோக வழக்கு. நிரூபணமானால் ஜெயிலும் உண்டு, வக்கீல் தொழிலும் போய்விடும். காய்ச்சல் விட்டதும் அவளும் கோர்ட்டில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் அதிர்ஷ்டம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. பேச்சைக் குறிப்பெடுக்க வந்த போலீஸ்காரர், பேச்சில் சொக்கிப்போய்ப் பாதியை எழுதவே மறந்திருந்தார். “ஆலையில நல்ல காத்து வேணும், எல்லாரும் ஒத்துமையா இருக்கணும்னு சொன்னாரு” என்று சாட்சி சொன்னார். இவருக்காக வாதாடிய நண்பருக்கு முகமெல்லாம் பல். இனி வழக்கு எங்கே நிற்கும்? அவள் ராத்திரிக்கு என்ன சமைக்கலாம் என்று யோசிக்கவே ஆரம்பித்துவிட்டாள்.

அப்போதுதான் கூண்டிலிருந்த கணவரின் காது சிவப்பதைப் பார்த்தாள். போச்சு. தப்பான வாக்குமூலத்தை அந்த மனிதர் தொழிலில் ஒருநாளும் சகித்ததில்லை.

“வாக்குமூலத்துல பிழை இருக்கு. திருத்திப் பதிவு பண்ணணும்” என்றார். நண்பர் கையைப் பிசைந்தார்.

“நல்ல காத்து குடுங்கன்னு நான் கெஞ்சல. ஆலையே உங்களோடது, இந்த நாடும் உங்களோடது, எடுத்துக்குங்கன்னு தொழிலாளிங்ககிட்ட சொன்னேன்.”

முதல் வரியிலிருந்து முழுப் பேச்சையும் ஒப்பித்தார். “கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க சார்” என்று கோர்ட்டு குமாஸ்தா வியர்த்து வழிய எழுதினார். பத்திரிகைக்காரர்களின் பேனா பறந்தது. மாஜிஸ்திரேட் மேஜையைத் தட்டித் தட்டிக் கை சிவந்தார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இந்த மனிதருக்கா கழுத்தை நீட்டினேன் என்று பெருமையில் தலைகால் புரியவில்லை.

அன்றே தீர்ப்பு, கடுங்காவல். விலங்கோடு அவளைக் கடந்தபோது, “ரொம்பக் கோவமா?” என்று கேட்டார்.

“கோவத்த நீங்க வந்தப்புறம் பாத்துக்கலாம். ஒடம்பப் பாத்துக்குங்க.”

உள்ளே இடம் கிடைக்காத ஆலைத் தொழிலாளிகள் வாசலில் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். “அக்கா, உள்ள என்னதான் சொன்னாரு?”

கண்ணைத் துடைத்துக்கொண்டு படியில் ஏறி நின்று, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். இன்ஸ்பெக்டர் ஓடிவந்து, “அம்மா, கீழ எறங்குங்க” என்றார்.

“இருங்க, இன்னும் பாதி இருக்கு” என்றாள்.