நான்கு ரோலர் கோஸ்டர், ஓர் எலுமிச்சம்பழம்

எதைப் பார்த்தாலும் வரிசைப்படுத்திவிடுவது என் சுபாவம். பெரம்பலூரில் வீடு, அரியலூரில் ஆபீஸ், நடுவே தினமும் பஸ். இந்த மூன்றுக்குள் அகப்பட்ட எல்லாவற்றுக்கும் ரேங்க் போட்டு ஒரு பழைய டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். புரோட்டா சால்னாவில் முதல் ஐந்து கடைகள், பஸ்ஸில் குலுக்கல் குறைந்த இருக்கைகள், ஆபீஸில் மதியம் கண்ணயர ஏற்ற மேஜைகள். ஒருமுறை சாம்பார்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோது மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "எஞ் சாம்பாரக் காணமே?" என்றாள்.

"அது போட்டிக்கு வெளியே" என்றேன்.

பாராட்டாகத்தான் சொன்னேன். இன்றுவரை அப்படித்தான் வாதாடி வருகிறேன்.

என்னோடு பள்ளியில் படித்த நண்பன் ஒருவன் லப்பைக்குடிக்காட்டுக்காரன். வெகுகாலமாக வளைகுடாவில் வண்டி உதிரிபாகக் கடை ஒன்றில் இருக்கிறான். ஊருக்கு வரும்போதெல்லாம் பேரீச்சம்பழமும் தைலமும் கொடுத்துவிட்டு, "ஒரு தடவ வந்துட்டுப் போ மாப்ள" என்பான். "வரேன்டா" என்பேன் நானும். இரண்டு பேருமே அதை நம்பியதில்லை. மகளைக் கல்லூரி விடுதியில் விட்ட பிறகு, வீட்டில் நானும் மனைவியும் தொலைக்காட்சியின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ஒரு நாளில், அவன் போன் செய்தான். அங்கே பெரிய ரோலர் கோஸ்டர் பூங்கா ஒன்று இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன் என்றான். இந்த முறை என்ன காரணத்தாலோ மூன்று பேருமே நம்பிவிட்டோம்.

வெளிநாடு போக ஆபீஸில் அனுமதி வாங்க வேண்டும். அந்தக் கோப்பு மேலே ஏறி, கீழே இறங்கி, ஒரு இடத்தில் தலைகீழாக நின்று என்னிடம் வந்து சேர்ந்தது. அதற்குள் நான் ரோலர் கோஸ்டர் பூங்காவுக்குப் போகப்போகும் செய்தி டீக்கடைவரை பரவிவிட்டது. பக்கத்து மேஜைக்காரர் எல்லார் முன்னிலையிலும் கேட்டார்.

"அங்க போயி ரோலர் கோஸ்டருக்கெல்லாம் ரேங்க் போட்டுட்டு வருவீங்களா சார்?"

"போடாம?"

"ஏறிட்டுத்தான போடுவீங்க? கீழ நின்னு பாத்துட்டு இல்லையே?"

"ஏறாத எதுக்கும் நான் ரேங்க் போட்டதில்ல" என்றேன். வாய் இருக்கிறதே, அதற்கு என் கால்களின் சங்கதி எதுவும் தெரியாது.

உண்மை என்னவென்றால், எனக்கு உயரம் ஆகாது. திருமானூர்ப் பக்கம் ஒரு திருவிழாவில் ராட்டினம் ஏறி, அதை நடுவழியில் நிறுத்தச் சொல்லி ஊரையே கூட்டியவன் நான். ஆனாலும் என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. என் மனைவிக்குப் பஸ்ஸே ஒத்துக்கொள்ளாது. துறையூர் போவதற்குள் இரண்டு பாலிதீன் கவர் தீரும். கையில் எலுமிச்சம்பழம் இல்லாமல் அவள் பஸ் ஏறியதில்லை. அப்படிப்பட்டவள் ரோலர் கோஸ்டர் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள். அவளைத் தனியே விட்டுவிட்டு நான் மட்டும் ஏற முடியுமா? ஒரு கணவனின் கடமை என்று ஒன்று இருக்கிறதல்லவா? இதை விமானத்திலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

சிறுவாச்சூர்க் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். செவ்வாய்க்கிழமை விமானம் என்பதால் திங்களன்றே போய் ஓர் எலுமிச்சம்பழத்தை அம்மன் காலடியில் வைத்து வாங்கி வந்திருந்தாள். ஒரே பழத்தில் இரண்டு வேலை. பயணத்துக்குக் காவல், வாந்திக்கு மருந்து.

வெள்ளிக்கிழமை நண்பனுக்கு விடுமுறை. ஜும்ஆ தொழுகை முடித்து வந்து எங்களைக் கூட்டிப் போனான். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தபோது, இரும்புத் தண்டவாளங்களை யாரோ நூல்கண்டு மாதிரி பிரித்துப் போட்டிருந்தது தெரிந்தது. மகளின் பழைய சுடிதாரில், கையில் எலுமிச்சம்பழத்தோடு நின்ற மனைவி, "மொதல்ல எதுல ஏறுறது?" என்று கேட்டாள்.

என் திட்டத்தில் இப்படி ஒரு வரியே கிடையாது.

குழந்தைகளுக்கான சின்ன வண்டியில் தொடங்கினோம். பெயர் ஏதோ ஆங்கிலத்தில் இருந்தது. அவள் 'கம்பளிப்பூச்சி' என்று மாற்றிவிட்டாள். அன்று எல்லா வண்டிகளுக்கும் அவள்தான் பெயர் வைத்தாள். ஆளுக்கு ஒரு இருக்கைதான், அவள் எனக்குப் பின்னால். கம்பளிப்பூச்சியில் என் முன்னால் உட்கார்ந்திருந்த நான்கு வயதுப் பெண்குழந்தை ஒருமுறை திரும்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு அழத் தொடங்கியது. மற்றபடி சிறப்பான பயணம்.

அடுத்தது 'இருட்டு'. முழுக்க ஒரு கூடாரத்துக்குள், கும்மிருட்டில் ஓடும். அதுவும் ஒருவர் பின் ஒருவராக உட்காரும் வண்டி. அதில் நான் கண்ணை மூடிக்கொண்டுதான் போனேன். இருட்டில் கண்ணை மூடியதால் மதிப்பீட்டாளன் என்ற முறையில் பெரிய நஷ்டம் எதுவுமில்லை. ஆனால் ஏறும்போது அவள் என்னிடம் கொடுத்து, என் சட்டைப் பையில் இருந்த எலுமிச்சம்பழம் ஏதோ ஒரு வளைவில் எகிறி வெளியே விழுந்துவிட்டது. வண்டி நின்றதும், அங்கே வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் பெண் அதை என் காலடியில் இருந்து எடுத்து, ஏதோ வெடிகுண்டைத் தருவதுபோலத் தந்தாள். இனிமேல் பையில் எதுவும் இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் வாசலில் உள்ள பெட்டியில் வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும் என்றாள்.

இறங்கி வந்த மனைவியின் முகத்தில் வாந்திக்கான அறிகுறியே இல்லை.

"ஒண்ணும் பண்ணலையா?" என்றேன், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"இதுல வாடையே இல்லீங்க. பஸ்ல டீசல் வாடை, முன்சீட்டுல வாடுன பூ, பக்கத்துல கருவாட்டுப் பை. அதுல எவளா இருந்தாலும் வாந்தி எடுப்பா. இது வெறும் காத்துதான?"

இத்தனை வருஷமாக நான் அவள் வயிற்றைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். குற்றவாளி பஸ்.

மூன்றாவது வண்டியில் தண்டவாளம் தலைக்கு மேலே இருக்கும், கால்கள் அந்தரத்தில் ஆடும். அதற்கு 'தொங்கட்டான்' என்று பெயர் வைத்தாள். செருப்பையும் கழற்றிப் பெட்டியில் வைக்கச் சொன்னார்கள். அங்கேதான் எனக்கு வாழ்வு வந்தது.

"செருப்பு வைக்கிற பெட்டிலயா சாமி எலுமிச்சம்பழத்த வைப்பீங்க?" என்று அவளே கேட்டாள்.

"வைக்கலாமா? தப்பில்லையா?" என்று நானும் பதறினேன். "நீ போயிட்டு வா. நான் பழத்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

என் பக்தியைப் பார்த்து நண்பன் வாயைப் பொத்திக்கொண்டான். அவனுக்கு முதுகில் ஆபரேஷன் ஆனதால் எதிலும் ஏறக் கூடாது. வாசலில் ஒரு பலகை இருந்தது. இதயம், முதுகு, கழுத்து, ரத்த அழுத்தம், கர்ப்பம் என்று ஏறக் கூடாதவர்களின் பட்டியல். எனக்கு இதில் ஒன்றாவது தேறுமா என்று ஏற்கெனவே இரண்டு தடவை படித்திருந்தேன். இப்போது அந்தக் கவலையும் இல்லை. பலகையில் இல்லாத ஆறாவது காரணம் என் உள்ளங்கையில் மஞ்சளாக இருந்தது.

அவள் தொங்கட்டானில் போனாள். கீழே நின்று பார்த்தேன். அத்தனை கால்களுக்கு நடுவே அவள் கால் எதுவென்று மெட்டியை வைத்துக் கண்டுபிடிக்க முயன்று தோற்றேன். தலைமுடி கலைந்து, கண்ணில் நீர் வழிய ஓடி வந்தாள்.

"பக்கத்துல ஒரு வெள்ளக்காரம்மா. என் கையப் புடிச்சுக்கிட்டு ஒரே கத்து. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு தட்டிக் குடுத்துக்கிட்டே வந்தேன். எறங்குனதும் கட்டிப்புடிச்சுக்கிச்சு. இன்னொரு தடவ போயிட்டு வரட்டா?"

போய்விட்டு வந்தாள்.

கடைசியாக மிச்சமிருந்தது பெரியது. அரியலூர் சிமெண்ட் ஆலைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது என்னவாகத் தெரியுமோ அதையே பெயராக வைத்தாள். 'புகைபோக்கி'. ஏறத்தாழ செங்குத்தாக மேலே போய், உச்சியில் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியே கீழே விழும்.

"நீ போயிட்டு வா, நான் பழத்த..." என்று ஆரம்பித்தேன்.

"இதுக்கு நீங்க வாங்க."

"பழம்?"

அவள் பழத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "கல்யாணமாயி இருபத்திமூணு வருசமாச்சு. எங்கயாவது பக்கத்துல உக்காந்து போயிருக்கமா? பஸ்ல நான் முன்னாடி பொம்பளைங்களோட, நீங்க பின்னாடி. வண்டில போனா உங்க முதுகப் பாத்துக்கிட்டே வரேன். ஏரோப்பிளேன்லயும் தனித்தனி சீட்டு போட்டுட்டான். இதுலயாவது ஒரு தடவ பக்கத்துல உக்காருங்களேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். பஸ் நேரம் கேட்பது மாதிரி சாதாரணமாகக் கேட்டுவிட்டாள். அலுவல் ரீதியாக யோசித்தாலும் என் பக்கம் வலு இல்லை. ஏறவில்லை என்றால் ரேங்க் போட முடியாது, டீக்கடையில் தலைகாட்ட முடியாது. ஆனால் அந்த நிமிஷம் டீக்கடை ஞாபகமே வரவில்லை. அவள் அருகில் காலியாக ஓர் இருக்கை மேலே போவதும், அல்லது அந்த வெள்ளைக்காரம்மாவே அதில் உட்கார்ந்துவிடுவதும்தான் கண்ணில் தெரிந்தது. இருந்தாலும் பயம் பயம்தான். பழத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன்.

நண்பன் கையை நீட்டினான். "குடு மாப்ள, நான் வச்சுக்கிறேன்."

"டேய், இது கோயில் எலுமிச்சம்பழம்டா."

"தெரியும்டா. நோம்புக்கு எங்க தெருவுலேந்து தூக்குவாளில கஞ்சி வாங்கிட்டுப் போவியே, சிந்தாமத்தான போவ? குடு." பிறகு அவளிடம் திரும்பினான். "தங்கச்சி, சோத்துக் கையில வச்சுக்கிறேன். கீழ வைக்க மாட்டேன், செருப்புப் பக்கம் போவ மாட்டேன். போதுமாம்மா?"

"போதும்ணே" என்றாள் அவள்.

அந்த ஆறாவது காரணம் இப்படியாக என் கையைவிட்டுப் போனது.

புகைபோக்கி கடகடவென்று ஏறியது. நான் கண்ணை மூடிக்கொண்டு பெரம்பலூரிலிருந்து அரியலூர்வரை உள்ள பஸ் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி நிறுத்தங்களைச் சொல்லி முடித்தபோது வண்டி நின்றுவிட்டது. "கண்ணத் தொறங்க" என்றாள் பக்கத்தில். திறந்தேன். உச்சியில் இருந்தோம். கீழே மணல், கார்கள், அதற்கப்பால் கடல் என்று நினைக்கத்தக்க ஒரு கோடு. நேர் கீழே, எறும்பளவில் நண்பன், வலது கையை முன்னால் நீட்டியபடி சிலை மாதிரி நின்றான். திரும்பினேன். அவள் முகம் ஒரு முழத்தில் இருந்தது. பக்கவாட்டில் இருந்து அவளை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தது எனக்கே புதுசாக இருந்தது. காதோரம் நாலைந்து நரைமுடி. இது எப்போது வந்தது என்று கேட்க வாயைத் திறந்தேன்.

அப்போது விழுந்தோம்.

நான் கத்தியதாகச் சொல்கிறார்கள். யாரோ கத்தினார்கள் என்பதுவரை ஒப்புக்கொள்கிறேன். பூங்காக்காரர்கள் எடுத்த புகைப்படத்தில் அவள் வாய்கொள்ளாமல் சிரிக்கிறாள். நான், மாற்றல் உத்தரவைப் பிரித்துப் படிப்பவன் மாதிரி இருக்கிறேன். இப்போது அந்தப் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களிடம் அது நான்தான் என்று நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

இறங்கி வந்தோம். நண்பன் நின்ற இடத்திலேயே நின்றான். கை மரத்துப்போயிருந்தது, எலுமிச்சம்பழம் கசங்காமல் இருந்தது. "மாஷா அல்லாஹ், உன் சத்தம் பார்க்கிங் வரைக்கும் கேட்டுச்சு மாப்ள" என்றான்.

அவன் அறைக்குத் திரும்பிச் பால் சேர்க்காத சுலைமானி டீ குடித்துக்கொண்டே டைரியை எடுத்தேன். "மொத எடம் புகைபோக்கி" என்று சொல்லிக்கொண்டே எழுதப்போனேன். பாடுபட்டவனுக்கு அந்த உரிமை உண்டு.

"மொத எடம் தொங்கட்டான்" என்றாள் அவள்.

"அதுல நான் ஏறவே இல்லையே?"

"நான் ரெண்டு தடவ ஏறுனேன்ல?"

நண்பன், "நியாயந்தான மாப்ள" என்றான். அவனுக்கு எதிலும் ஏறாதவனின் நடுநிலைமை.

"சரி, புகைபோக்கி ஏன் ரெண்டாவது? நான் பக்கத்துல உக்காந்தேனே?"

"காதுக்குள்ள கத்துனீங்களே. அதுக்கு ஒரு எடம் கொறச்சாச்சு."

மூன்றாவது இருட்டு, நான்காவது கம்பளிப்பூச்சி. ஐந்தாவது இடம் காலியாக இருந்ததால் பெரம்பலூர் – அரியலூர் பஸ்ஸின் கடைசி சீட்டைச் சேர்க்கலாமா என்று கேட்டேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் பதம் பார்த்த சாலையில் அது தரும் அனுபவம் எந்த நாட்டுக்கும் சளைத்ததல்ல.

அவள் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "அது போட்டிக்கு வெளியே" என்றாள்.

எழுதிக்கொண்டேன். அந்த டைரியில் வேறொருவர் சொல்லி நான் எழுதிய முதல் பக்கம் அது.

ஊர் திரும்பிய திங்கட்கிழமை, அரியலூர் டீக்கடையில் பக்கத்து மேஜைக்காரர் உள்ளிட்ட நால்வர் காத்திருந்தார்கள். பட்டியலை வாசித்தேன்.

"மொத எடம் எப்புடி சார் இருந்துச்சு? சொல்லுங்க."

எலுமிச்சம்பழத்தைப் பற்றிச் சொல்லி மழுப்ப வழி இருந்தது. மடக்கிக் கேட்டால் காற்று, வேகம் என்று நாலு வார்த்தை அடித்துவிடவும் தெரியும். ஆனால் டைரியில் அந்தப் பக்கம் அவளுடையது.

"அதுல நான் ஏறல" என்றேன். "கீழதான் நின்னேன். ரேங்க் போட்டது எங்க வூட்டம்மா."

நால்வரும் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு பக்கத்து மேஜைக்காரர், "அப்பன்னா அவங்களையே கேட்டுருவோம் சார். போனப் போடுங்க, ஸ்பீக்கர்ல" என்றார்.

போட்டேன். "தொங்கட்டான் எப்புடி இருந்துச்சுன்னு சார்லாம் கேக்குறாங்க" என்றேன்.

"எல்லாரும் இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு, அந்தரத்தில் கால் ஆடியதிலிருந்து ஆரம்பித்தாள். வெள்ளைக்காரம்மா வந்தாள். இரண்டாவது தடவை ஏறியது வந்தது. நால்வரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்க மறந்து கேட்டார்கள். அவளுக்கு நன்றாகக் கேட்கட்டும், அவர்களுக்கும் தெளிவாகக் கேட்கட்டும் என்று போனை உள்ளங்கையில் வைத்து நடுவே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை வலிக்கவில்லை. பழத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற பழக்கம்.