தங்கச்சி ஃபிரிட்ஜில் வைத்த விதை

என் தங்கச்சிக்கு நான் பன்னிரண்டாயிரம் கடன்பட்டிருந்தேன். லாண்டரியில் பதினாறு வருஷம் நின்றபடியே அடுத்தவன் சட்டையைத் தேய்த்து, சொந்தமாகக் கடை போட அவள் சேர்த்த முன்பணம். மருந்துச்செடி வளர்த்து விற்று, ஆறே மாதத்தில் இரட்டிப்பாகத் தருகிறேன் என்று வாங்கினேன்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாற்பத்தோரு வீடு கட்டியிருக்கிறேன். ஒன்றிலும் விரிசல் கிடையாது. எனக்கு ஒரு பூச்செடி பெரிய விஷயமா? ஊதா இதழ், நடுவில் முள்பந்து மாதிரி இருக்கும். சளிக்கு மருந்தாம். வேரைக் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்வதாக மருந்துக் கம்பெனிக்காரர் சொல்லியிருந்தார்.

தட்டுகளில் மண் நிரப்பி, ஒரு விரல் ஆழத்தில் விதை போட்டு, கரணையால் தட்டி இறுக்கி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தேன். தளம் போட்ட மாதிரி அழகாக இருந்தது. இருந்ததோடு சரி. இரண்டு மாதமாகியும் ஒன்றும் முளைக்கவில்லை.

தங்கச்சி வந்து பார்த்தாள். ஈர விரலால் தொட்டுப் பார்க்காமல் இஸ்திரிப்பெட்டியைத் துணிமேல் வைக்காதவள். விதைப் பாக்கெட்டின் பின்பக்கத்தை வரி விடாமல் படித்தாள்.

"அண்ணே, நீ விதைக்கல, கான்கிரீட் போட்டிருக்கே. இதுக்கு முதல்ல குளிர் வேணுமாம். அப்புறம் வெளிச்சம் படணுமாம்."

குளிரில் வைக்க அது என்ன பாலா என்று கத்தினேன். அவள் காதில் வாங்கவில்லை. மிச்ச விதையை ஈரமணலில் கலந்து டப்பாவில் போட்டு, தன் வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு மாதம் வைத்தாள். பிறகு மண்மேல் தூவி லேசாக அழுத்தினாள், அவ்வளவுதான். மூன்றாம் வாரம் பச்சை தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் வருஷம் வெறும் இலை. பிடுங்கி எறியப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். இரண்டாம் வருஷம் பூத்தது. தோண்டலாமா என்றால், வேர் தடிக்கட்டும் என்றாள். அதற்குள் அவள் பார்த்து வைத்திருந்த கடை வேறொருவன் கைக்குப் போய்விட்டது. அவள் நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருந்தால் எனக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

மூன்றாம் வருஷம் வேர் விற்றது. அந்தக் கடையும் காலியாகி, மறுபடி ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். நேராக லாண்டரிக்குப் போய்ப் பன்னிரண்டாயிரத்தை எண்ணி வைத்தேன். அவள் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"இன்னும் என்ன?"

"இரட்டிப்புன்னு சொன்னது யாரு, மேஸ்திரி?"

எனக்கென்று சட்டைப்பையில் தனியாக ஒதுக்கியிருந்ததை வெளியே எடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு தாளாக எண்ணி அவள் உள்ளங்கையில் வைத்தேன்.