தையல் வெளிப்பக்கம்

பெட்டியைப் பிரித்துச் சோதிக்க வந்த ஆள் ஒரு சட்டையை எடுத்து உதறியபோது பேக்கிங் பகுதியே வேலையை நிறுத்திவிட்டது. குழந்தைச் சட்டை, உள்பக்கம் வெளியே இருந்தது. அதுகூடப் பரவாயில்லை, அத்தனை பொத்தானும் போட்டிருந்தது. திருப்பிய சட்டைக்குப் பொத்தான் போடுவது லேசுப்பட்ட காரியமில்லை. விரலை உள்ளே விட்டு, பார்க்காமல், தடவித் தடவிப் போட வேண்டும். அந்தத் தொழிற்சாலையில் அதை அலட்டிக்கொள்ளாமல் செய்யக்கூடியவள் ஒருத்திதான் இருந்தாள். அவளை மண்ணுக்குக் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

எல்லாரும் சின்னவளைத்தான் பார்த்தார்கள். செத்தவள் அவளுடைய அக்கா.

வீட்டில் பெரியவள், சின்னவள். தொழிற்சாலையில் பெரியவளுக்கு உல்டா என்று பெயர். சின்னவளுக்குத் தனியாகப் பெயர் கிடையாது. அவள் உல்டா தங்கச்சி. பத்து வருடம் அந்தப் பெயரைச் சுமந்தவள், அக்கா போன அன்று அழுகைக்கு நடுவே, இனி அப்படிக் கூப்பிட மாட்டார்கள் என்று ஒரு கணம் நினைத்தாள். அந்த நினைப்பு தனக்கு வந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

பெரியவள் சின்ன வயதிலிருந்தே சட்டையைத் திருப்பித்தான் போடுவாள். நேராகப் போட்டால் தோளிலும் அக்குளிலும் தையல் உறுத்துகிறது என்று அழுவாள். அம்மா அடித்துப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்து வாசல்வரை நேராகப் போய், உள்ளே நுழைந்ததும் திருப்பிக்கொண்டுவிடுவாள். கீழ்ப் பொத்தான்கள் எட்டாது. அவற்றைச் சின்னவள்தான் குனிந்து போட்டுவிடுவாள். விளையாட்டு மாதிரி இருக்கும். கூடப் படித்தவர்கள் சிரிப்பதன் அர்த்தம் புரிகிற வயது வந்ததும் சின்னவள் அதை நிறுத்திக்கொண்டாள். அக்கா ஏன் என்று கேட்கவில்லை. தானே போடப் பழகிக்கொண்டாள்.

வளர்ந்த பிறகும் மாறவில்லை. தெருவில் யாராவது, "ஏம்மா, சட்டை திரும்பியிருக்கு" என்று நல்ல மனதோடு சொன்னால், "தெரியும்ங்க, வழவழன்னு இருக்கிற பக்கம் எனக்கு, கரடுமுரடு ஊருக்கு" என்பாள். ஒரு தடவை அம்மா, "கடைக்காரன் எவ்வளவு அழகா தச்சுக் குடுத்திருக்கான், அதைப் போய் மறைக்கிறியே" என்று அங்கலாய்த்தாள்.

"அவன் சட்டைய எனக்கு வித்தானா, என்னைப் பாக்கிறவனுக்கு வித்தானாம்மா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஒருவர் கல்யாணம் பேச வந்தார். நல்ல மனுஷர், பஸ் ஓட்டுகிறவர். வீட்டுக்குள் எப்படி வேண்டுமானாலும் இருந்துகொள், வெளியே போகும்போது மட்டும் நாலு பேர் மாதிரி இரு என்றார். "வெளியிலதாங்க நான் அதிக நேரம் இருக்கேன்" என்றாள் பெரியவள். அவரும் சிரித்துக்கொண்டே எழுந்து போனார். அந்த ஏற்பாடு அதோடு சரி. சின்னவள் ஒரு வாரம் அக்காவோடு பேசவில்லை. பெரியவளுக்குக் கல்யாணம் ஆகாமல் தனக்கு ஆகாதே என்ற கவலை.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலைதான் வேடிக்கை. சட்டை தைத்து முடிந்ததும் செக்கிங்குக்கு வரும். அங்கே அதைத் திருப்பி, உள்தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, பிசிறு வெட்டி, மறுபடி நேராக்கிப் பேக்கிங் மேசைக்குத் தள்ள வேண்டும். குழந்தைத் துணி என்பதால் இஸ்திரி கிடையாது. பெரியவள் செக்கிங், சின்னவள் பேக்கிங். பெரியவள் கண்ணால் மட்டும் பார்க்க மாட்டாள். ஒவ்வொரு தையலையும் கன்னத்தில் உரசிப் பார்ப்பாள். உறுத்தினால் தைத்தவளிடமே திரும்பிப் போகும். "பச்சப்புள்ளைக்கு வாய் இருக்கா சொல்றதுக்கு?" சில நேரம் அந்த நினைப்பிலேயே நேராக்க மறந்துவிடுவாள். அப்படி ஒரு பெட்டி வெளியே போய் சூப்பர்வைசர் தாம் தூம் என்று குதித்தபோது, "உள்ள ரொம்ப நல்லா இருந்துச்சு சார், அதான் விட்டுட்டேன்" என்றாள். சூப்பர்வைசரே திரும்பி நின்று சிரித்தார். சின்னவளுக்கு மட்டும் முகம் சுண்டிப்போயிற்று.

பெரியவளைக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதுகுப்பக்கம் முடிச்சுப் போடுகிற பச்சை அங்கியை மாட்டிவிட்டார்கள். பெரியவள் வார்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "பாத்தியாடி, இங்க எல்லாரும் திருப்பித்தான் போட்டிருக்காங்க. ஒருத்தரும் சிரிக்கல" என்றாள். அதற்குப் பிறகு அவள் தெளிவாக எதுவும் பேசவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து, குளிப்பாட்டி, புதுச்சட்டை மாட்டும்போது சின்னவளின் கை தானாகத்தான் அதைத் திருப்பியது. அம்மா பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கு ஒரு நாளாச்சும் அவ மனுஷங்க மாதிரி இருக்கட்டும்டி. நாலு பேர் வந்து பாப்பாங்க." சின்னவள் சட்டையை நேராக்கினாள். ஒவ்வொரு பொத்தானாகப் போட்டாள். கழுத்துப் பட்டை தோலில் அழுந்திக் கிடந்தது. யாரும் பார்க்காதபோது விரலால் அதைக் கொஞ்சம் தள்ளிவிட்டாள். அது மறுபடி அங்கேயே வந்து அழுந்தியது. அப்படியே போய்ச் சேர்ந்தாள்.

இப்போது பெட்டிக்குள்ளிருந்து சட்டைகள் திரும்பி வருகின்றன.

பெரியவள் உட்கார்ந்த இடத்தில் ஒரு அம்மாவை எடுத்திருந்தார்கள். தலை பாதி நரைத்திருந்தாலும் பெயர் என்னவோ புதுசு. வீட்டில் படுத்த படுக்கையாகப் புருஷன், கைவேலையை விட்டால் வேறு கதியில்லை. சூப்பர்வைசருக்குப் புதுசின் மேல்தான் சந்தேகம்.

"அந்த நாற்காலில உக்காந்தாலே இப்படித்தான் புத்தி போகுமா?"

"சார், நான் நேராத்தான் தள்றேன் சார். எனக்கு நேரா இருக்கும்போதே பொத்தான் போட வராது, பாருங்க இந்த விரலை." கணுக்கள் வீங்கியிருந்தன.

"இன்னும் ஒரே ஒரு சட்டை இப்படி வந்துச்சு, நீங்க வீட்டுல இருந்துக்கலாம்."

புதுசு சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் குனிந்து டேப் ஒட்டினாள். பேக்கிங் மேசையைத் தாண்டாமல் எந்தச் சட்டையும் பெட்டிக்குள் போகாது. அது அவளுக்குத் தெரியாததில்லை. ஆனால் பத்து வருடமாக ஒரு குறையும் வராத மேசை அவளுடையது. அங்கே தேட யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை. அவள் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தாள். செக்கிங் நாற்காலி காலியாக இருக்கும் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பவே பயந்தாள். யாரோ துணியைக் கன்னத்தில் உரசுகிற சத்தம் கேட்பதுபோல இருக்கும்.

மறுநாள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவது என்று சின்னவள் புதுசின் கையையே பார்த்துக்கொண்டு வேலை செய்தாள். அந்த அம்மா திருப்பினாள், பார்த்தாள், பிசிறு வெட்டினாள், நேராக்கினாள், தள்ளினாள். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடியும் அதையே செய்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தவளைப் புதுசும் நிமிர்ந்து பார்த்தாள். பார்வை மெல்லக் கீழே இறங்கியது.

"தாயி," என்றாள் தாழ்ந்த குரலில். "உன் கையைப் பாரு."

சின்னவள் குனிந்து பார்த்தாள். அவள் கையில் ஒரு சட்டை திரும்பியிருந்தது. மேல் பொத்தான்கள் போட்டாகிவிட்டன. விரல்கள் உள்ளே நுழைந்து கீழ்ப் பொத்தான்களைத் தேடிக்கொண்டிருந்தன. பள்ளிக்கூடத்தில் அக்காவுக்குக் குனிந்து போட்டுவிட்ட அதே பொத்தான்கள். கை யாருடைய கையோ போல நிதானமாக இருந்தது.

"எத்தனை நாளா தெரியும் உங்களுக்கு?"

"நேத்துப் பாத்தேன். சொன்னா யாரு நம்புவா? உன் மேசையாச்சே."

சூப்பர்வைசர் அதற்குள் வந்துவிட்டார். அவர் கையில் காலையில் பிரித்த பெட்டியிலிருந்து எடுத்த சட்டை. நேராகப் புதுசிடம் போனார். "பையை எடுத்துக்குங்கம்மா. நாளைலேர்ந்து வேணாம்."

"சார், அது நான்," என்றாள் சின்னவள்.

"நீ சும்மா இரு. பாவம் பாக்கிற நேரமா இது? நீ உங்கக்கா மாதிரி இல்ல. எனக்குத் தெரியாதா?"

பத்து வருடமாக அவள் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. காதில் விழுந்தபோது அது அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. சின்னவள் தன் நீலநிற மேல்கோட்டைக் கழற்றினாள். திருப்பி மாட்டினாள். அவர் முகத்தைப் பார்த்தபடியே, ஒருமுறைகூடக் குனியாமல், மேலிருந்து கீழ்வரை பொத்தான் போட்டு முடித்தாள். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"அவ தங்கச்சி சார் நான். இனிமே கவனமா இருக்கேன். அவங்களை விட்டுடுங்க."

சூப்பர்வைசர் அந்தப் பொத்தான்களையே பார்த்தார். பின்னால் யாரோ, "உல்டா" என்று கிசுகிசுத்தார்கள். அவர் கையிலிருந்த சட்டையை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார். புதுசு பையைக் கீழே வைத்தாள்.

சாயங்காலம் சின்னவள் கோட்டைக் கழற்றாமலே வீட்டுக்கு நடந்தாள். தையல் பக்கம் ஊருக்குத் தெரிந்தது. எதிரே வந்தவர்கள் பார்த்தார்கள். ஒரு கிழவர் கூப்பிட்டு, "ஏம்மா, திரும்பியிருக்கு" என்றார். "தெரியும்ங்க" என்றாள். இவ்வளவு காலம் எதற்காக அவ்வளவு பயந்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். பிடிபடவில்லை. தோளில் வழவழப்பாக ஏதோ படிந்திருந்தது. துணிதான். ஆனாலும் அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

வீட்டில் விளக்குப் போட்டிருக்கவில்லை. அம்மா கதவைத் திறந்தாள். வாசல் வெளிச்சம் முதுகில் விழ நின்றவளின் முகம் அம்மாவுக்குத் தெரியவில்லை. அம்மாவின் கை நீண்டு கோட்டின் தையலைத் தொட்டது. தோளிலிருந்து இடுப்புவரை தடவிக்கொண்டே வந்தது.

"பெரியவளே," என்றாள் அம்மா. "அன்னிக்கு ரொம்ப உறுத்துச்சா?"

சின்னவள், நான் பெரியவள் இல்லை என்று சொல்லவில்லை.

"இல்லம்மா," என்றாள். "இப்ப இல்ல."