மேட்டுக்கு மெல்லிய தகடு

2000 ஆகஸ்ட் முதல் தேதி, செவ்வாய்க்கிழமை மத்தியானம், நிதேஷ் ஆக்லாந்துக்கு விமானம் ஏறினான். ஃபிஜியின் தலைநகர் சுவாவில் துப்பாக்கிக்காரர்கள் பாராளுமன்றத்துக்குள் புகுந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. விமான நிலையத்துக்குப் போகும் வோட்டுவாலேவு சாலை நெடுக, கூரைமேல் பெட்டி கட்டிய கார்கள். விமான நிலைய வாசலில் நின்றவர்கள் எல்லாரும் "இசா, இசா" என்று பிரிவின் வருத்தத்தைச் சொல்லி அழுதார்கள். அம்மாவும் அப்பாவும் முன்பே போயிருந்தார்கள். அக்கா கம்லா மட்டும் விசாவுக்கு மனுவே போடவில்லை.

நிதேஷ் சாவியை அவள் கையில் திணித்தான். "பைக்கை வித்துடு அக்கா. வித்துட்டு நீயும் கிளம்பு."

"சரிடா, ஏறு. பிளேன் உன்னை விட்டுட்டுப் போயிடப் போகுது."

நடபுவா ஊரிலிருந்த வீட்டுக்குத் திரும்பியவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கொல்லையில் நின்ற நீலநிற டூ-ஸ்ட்ரோக் வண்டியை மூன்று உதை உதைத்துக் கிளப்பி, பெட்ரோல் தீரும்வரை கரும்புத் தோட்டப் பாதைகளில் சுற்றினாள். தள்ளிக்கொண்டு வரும்போது இருட்டிவிட்டது.

இருபத்தொன்பது வயதிலும் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியாது. கரும்பு விவசாயிகள் சங்க அலுவலகத்தில் கவுண்டர் வேலை. ரசீது எழுதும்போதும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆண்டு அறுவடையில் வெளிவேலைக்காரர்கள் மூன்று பேர் நாட்டை விட்டுப் போய்விட, மேட்டுப் பண்ணைகளுக்கு லாரி முறைச் சீட்டு கொண்டுபோக ஆள் இல்லாமல் போனது. யாருடைய கரும்புக்கு இன்று லாரி என்பதை ஏழு மணிக்குள் சொன்னால்தான் வெட்டுக்காரர்கள் இறங்குவார்கள். மேலே போன் கிடையாது.

"நான் போறேன். என்கிட்ட பைக் இருக்கு" என்றாள் கம்லா.

மேனேஜர் ஜிதேந்திரா சிரித்தார். "புடவையை எங்கே செருகுவே?"

"நீங்க அதைப் பாக்கவே வேணாம் சார். ஏழு மணி ஆச்சான்னு மட்டும் பாருங்க."

வேலை கிடைத்தது. அதிகாலைப் பனியில் மேடேறும்போதுதான் அவளுடைய கால் ஆடாமல் இருந்தது. அந்த வேலையை இழந்தால் மறுபடி கவுண்டர், மறுபடி ரசீது.

செப்டம்பரில் வண்டி மக்கர் செய்தது. எத்தனை உதைத்தாலும் கிளம்பாது; கிளம்பினால் கார்புரேட்டர் பெட்ரோலைப் பின்பக்கமாகத் துப்பும். லௌடோக்கா நகரத்து மெக்கானிக் பொன்சாமி ரீட் வால்வைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். இஞ்சின் உறிஞ்சும்போது திறந்து, உடனே மூடிக்கொள்ள வேண்டிய சின்னத் தகடுகள். ஒன்றின் நுனி சிதைந்து, இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது.

கம்லா ஆக்லாந்துக்குப் போன் போட்டாள். "மேடு ஏறணும்டா. கீழ் வேகத்துல இழுக்கணும். அதுக்குத் தகுந்தது அனுப்பு."

"தெரியும் அக்கா. நான் ஓட்டின வண்டிதானே."

இரண்டு வாரத்தில் சித்தி மகள் ஷாயல் ஆக்லாந்திலிருந்து வந்தபோது, நிதேஷ் அனுப்பியதைப் பால்மாவு டின்னுக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். கறுப்பு கார்பன் தகடுகள்.

பொன்சாமி கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். தகடு வளையவே இல்லை. "இது பந்தயத்துக்கு, கம்லா. மேல் வேகத்துலதான் நல்லாத் திறக்கும். உன் மேட்டுக்கு ஃபைபர் தகடு போதும்."

கம்லாவின் விரலுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. ஆனால் ஷாயல் கேமராவோடு நின்றாள். வெளிநாட்டிலிருந்து ஒருவர் வாங்கி, இன்னொருவர் சுமந்து வந்ததைப் போடாமல் வைத்தால், சொந்தத்தில் ஒருவர் விடாமல் கேட்பார்கள். "போடுங்க மாமா" என்றாள். ஷாயல் படம் எடுத்துக்கொண்டாள்.

தார் ரோட்டில் வண்டி அலறிப் பறந்தது. புதன்கிழமை மழைச் சேற்றில், மேட்டின் பாதியில், மெதுவாகப் போக வேண்டிய இடத்தில் திணறி நின்றது. ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் பின்சக்கரம் சும்மா சுழன்றது. நடந்து மேலே போய்ச் சேரும்போது எட்டரை. மேட்டுப் பண்ணைக்காரர் வீராசாமிக்கு வந்த லாரி காலியாகத் திரும்பிப் போயிருந்தது.

"நம்ம ஆபீஸ் தேவேஷ் ஜீப் வாங்கியிருக்கான்" என்றார் ஜிதேந்திரா. "திங்கள்லேர்ந்து அவன். நீ கவுண்டர்."

"திங்கள்வரைக்கும் என் வேலைதானே? வெள்ளிக்கிழமை மணியைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க சார்."

 சொல்லிவிட்டு நேரே பொன்சாமியிடம் போனாள்.

பொன்சாமியின் மேஜையில் இரண்டு ஜோடி ஃபைபர் தகடுகள். கனடா போன யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்காமல் விட்டது. ஒன்று தடிமன், ஒன்று மெலிசு. கம்லா எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"மாப்பிள்ளை பாக்கிற மாதிரி பாக்கிறியே."

"மாப்பிள்ளைன்னா இவ்வளவு நேரம் பாத்திருக்க மாட்டேன் மாமா. மெலிசு சீக்கிரம் தேயுமா?"

"தேயும். நார் நாராப் பிரியும். மேல் வேகமும் குறையும். ஆனா லேசா உறிஞ்சினாலே திறக்கும்."

"மெலிசு. வருஷா வருஷம் மாத்திக்கிறேன்."

அவளே திருகுகளைப் பூட்டினாள். கழன்று உள்ளே விழாமல் பசை தடவினாள். தகடு பூட்டிய கூண்டை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். ஒரு கீற்று வெளிச்சமும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமையும் மழை. தேவேஷின் ஜீப் அடிவாரத்துச் சேற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. முந்தின நாளே வழி பார்க்க வந்தானாம். கம்லா ஒதுங்கி, இரண்டாம் கியரில், முறுக்காமல், பிடித்த பிடியில் ஏறினாள். வண்டி டக்டக்கென்று இழுத்தது. ஆறு ஐம்பதுக்கு வீராசாமி சீட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜிதேந்திரா அதை இரண்டு முறை படித்துவிட்டு, திங்கள்கிழமைச் சீட்டுகளை அவள் பக்கம் தள்ளினார்.

ஒவ்வொரு அறுவடைக்கு முன்னும் மெல்லிய தகடு மாற்றினாள். கார்பன் தகடுகள் பால்மாவு டின்னுக்கே திரும்பின. ஷாயல் எடுத்த படத்தைப் பற்றி நிதேஷ் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

2006 டிசம்பரில் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. அடுத்த நாள் காலை, மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவளின் கைப்பேசி சட்டைப்பையில் துடித்தது. வண்டியை அணைக்காமல் ஒரு காலை ஊன்றி, நிதேஷின் செய்தியைப் படித்தாள்.

"அக்கா, அந்தக் கார்பனை நான் வேணும்னேதான் அனுப்பினேன். மேட்டில் இழுக்காது, நீ வெறுத்துப்போய் வித்துட்டு வந்துடுவேன்னு நினைச்சேன். இத்தனை வருஷம் சொல்ல வாய் வரலை. இப்பவும் வான்னு சொல்லத்தான் போனை எடுத்தேன், சொல்லலை. இப்ப எந்தத் தகடு போட்டிருக்கே?"