இரண்டு தேதிகளில் ஓடிய கணினி

1. பத்து நிமிட வேலை

ஒரகடம் கூட்டுச்சாலைக்கு அருகே ஒரு கணினிப் பழுதுபார்ப்புக் கடையில் இரண்டரை ஆண்டுகள் பகுதிநேரமாக வேலை பார்த்தேன். வாரநாள்களில் கல்லூரியில் தமிழ் இலக்கிய வகுப்பு முடிந்த பிறகு, சனிக்கிழமைகளில் முழுநாள். எனக்குப் பின் அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கடை உரிமையாளர் சேகர் அண்ணன், லைசென்ஸ் கீ அடங்கிய ஓர் அட்டைப் பெட்டியை என் கையில் கொடுத்தார்.

“ஒரு ஆன்டிவைரஸ் தாம்மா. போட்டுட்டு பத்து நிமிசத்துல ஓடியாந்துடு. பதினோரு மணிக்கு பிரிண்டர் ஒண்ணு வருது.”

பத்து நிமிட வேலை என்று என்னிடம் சொல்லப்பட்ட எதுவும் பத்து நிமிடத்தில் முடிந்ததில்லை. எனினும் ஒவ்வொரு முறையும் நம்பியே புறப்பட்டேன்.

போன இடம் ஒரு சிறிய பிரஸ் ஷாப். வண்டிகளுக்கான இரும்பு பிராக்கெட்டுகளை அடித்து, அருகிலுள்ள பெரிய வாகனத் தொழிற்சாலைக்கு அனுப்புகிறவர்கள். மேனேஜர் லோகநாதன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“வாம்மா. மெயில் ஒண்ணும் போவ மாட்டேங்குது. போன வாரம் நாம அனுப்ன மெயில்ல வைரஸ் கீதுன்னு சொல்லி, கம்பெனிக்காரன் பிளாக் பண்ணி வச்சிகினு கீறான். ஆன்டிவைரஸ் போட்டு, ஃபுல் ஸ்கேன் பண்ண ரிப்போர்ட்ட காட்டுனாதான் தொறப்பானாம்.”

“எத்தனை மணிக்குள் வேண்டும் சார்?”

“லாரி நாலு மணிக்கு. மெயில்ல இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் போவலன்னா லாரிய கேட்டுலயே நிறுத்திடுவான். போன மாசம் ஒரு வாட்டி திருப்பி அனுப்பிட்டான். இன்னொரு வாட்டி திரும்பி வந்துச்சுன்னா...” என்று நிறுத்தி, உள்ளே மேசையில் அமர்ந்திருந்த பெண்ணைக் கையால் காட்டினார். “இவங்க கன்ஃபர்மேஷன நான் மறந்துட வேண்டியதுதான்.”

அந்தப் பெண் நிமிர்ந்து பார்க்கவில்லை. பெயர் எஸ்தர். மணிமங்கலத்திலிருந்து வருகிறவர். குவாலிட்டி இன்ஸ்பெக்டர். ஆறு ஆண்டுகளாக கான்ட்ராக்டில் இருக்கிறார். அந்த மாதம் நிரந்தரப் பணி உத்தரவு கைக்கு வர வேண்டும். ஒவ்வொரு சரக்கு லாட்டிலும் சில பிராக்கெட்டுகளை, அவர்கள் மொழியில் மாதிரிக் காய்களை, டிஜிட்டல் வெர்னியர் என்ற நுண்ணளவியால் அளப்பது அவர் வேலை. வெர்னியரிலிருந்து ஒரு கேபிள் கணினிக்குப் போகும். அதிலுள்ள மென்பொருள் அளவுகளை வாங்கி ரிப்போர்ட்டாக மாற்றித் தரும். அந்த அலுவலகத்தில் இருந்த ஒரே கணினி அதுதான்.

2. மூன்று காவலாளிகள்

கணினியைத் திறந்தேன். அதில் ஏற்கெனவே மூன்று ஆன்டிவைரஸ்கள் இருந்தன. மூன்றும் வெவ்வேறு நிறுவனங்களுடையவை. மூன்றும் செயலற்றுக் கிடந்தன.

“சார், ஒரு கணினியில் ஒன்றுதான் இருக்க வேண்டும். ஒன்றை இன்னொன்று வைரஸ் என்று நினைத்துத் தடுக்கும்.”

“மூணு இருந்தா மூணு பங்கு சேஃப்டிதானம்மா? மொதல்ல ஒண்ணு வாங்குனேன், வேல செய்யல. ரெண்டாவது வாங்குனேன், அதுவும் வேல செய்யல. உங்க அண்ணன்கிட்டதான் மூணாவது வாங்குனேன்.”

“அதுவும் வேலை செய்யவில்லையா?”

“ஒரு நாள் செஞ்சுது.”

ஒரு நாள் மட்டும் ஏன் வேலை செய்தது என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பழையதை நீக்காமல் புதியதைப் போட்டால் நிறுவல் பாதியில் நின்றுவிடும் என்பதால் நீக்கத் தொடங்கினேன். ஒவ்வொன்றையும் நீக்கியபின் ரீஸ்டார்ட். இரண்டாவதை நீக்க அது பாஸ்வேர்ட் கேட்டது.

“பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது?”

“போட்ட பையன் துபாய்ல கீறான்.”

சேஃப் மோடில் போய், அந்த நிறுவனத்தின் நீக்குக் கருவியைக் கொண்டு அதைப் பிடுங்க வேண்டியிருந்தது. இதற்கிடையே உற்பத்தி லைனிலிருந்து ஓர் ஆபரேட்டர் வந்து, என்னைக் கேட்காமலே கணினியின் யூ.எஸ்.பி.யில் கைபேசியைச் சார்ஜுக்குப் போட்டுவிட்டுப் போனார். கழற்றினேன். திரும்பி வந்து மறுபடி போட்டார். மறுபடி கழற்றினேன்.

“சார்ஜ்தான் மேடம் ஏறுது, வைரஸ் ஏறாது” என்றார் அவர், மிகப் பொறுமையாக.

மணி பன்னிரண்டரை. சேகர் அண்ணன் இருமுறை அழைத்து, பிரிண்டர் வந்துவிட்டது என்று சொன்னார்.

3. நான் திருத்திய பிழை

புதிய ஆன்டிவைரஸ் நிறுவப்பட்டது. லைசென்ஸ் கீயை இட்டேன். ஆக்டிவேட் ஆகவில்லை. கணினியின் தேதியைச் சரிபார்க்கும்படி ஒரு செய்தி வந்தது.

திரையின் வலது கீழ்மூலையைப் பார்த்தேன். பிப்ரவரி ஒன்பது என்றிருந்தது. நாங்கள் இருந்ததோ அக்டோபர் மாதம்.

எழுத்தில் பிழை கண்டால் திருத்தாமல் அடுத்த வரிக்குப் போக என்னால் முடியாது. கல்லூரியில் அதற்காக என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். அதே பழக்கத்தில், ஒருவரையும் கேட்காமல், தேதியைச் சரியாக மாற்றினேன். எஸ்தர் அக்கா அப்போது மாதிரிக் காய்களை எடுத்துவர லைனுக்குப் போயிருந்தார்.

ஆன்டிவைரஸ் உடனே ஆக்டிவேட் ஆனது, அப்டேட்டும் இறங்கியது. ஃபுல் ஸ்கேனைத் தொடங்கினேன். திரையில் அதன் பின்னாலிருந்து வேறொரு சன்னல் தோன்றி, சோதனைக் காலம் முடிந்துவிட்டதாகச் சொல்லி மூடிக்கொண்டது. கடைசி ரீஸ்டார்ட்டுக்குப் பின் எஸ்தர் அக்கா திறந்து சுருக்கி வைத்துவிட்டுப் போயிருந்த அளவீட்டு மென்பொருள் அது.

எஸ்தர் அக்கா ஒரு டிரே நிறையக் காய்களோடு வந்தார். திரையைப் பார்த்தார். டிரேயை மெல்ல மேசைமேல் வைத்தார்.

“தேதிய மாத்துனீங்களா மேடம்?”

“தவறாக இருந்தது.”

“சாஃப்ட்வேர மூடிட்டா மாத்துனீங்க?”

“அது திறந்திருந்ததே எனக்குத் தெரியாது.”

அவர் தேதியைப் பிப்ரவரி ஒன்பதுக்கு மாற்றிப் பார்த்தார். திறக்கவில்லை. மறுபடி முயன்றார். திறக்கவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

அதன்பிறகே எனக்கு விளக்கம் கிடைத்தது. அந்த மென்பொருள் முப்பது நாள் சோதனைப் பதிப்பு. எட்டு மாதமாக அது முப்பது நாளைத் தாண்டவே இல்லை. தினமும் காலையில் எஸ்தர் அக்கா தேதியைப் பிப்ரவரி ஒன்பதுக்குத் தள்ளுவார், காய்களை அளந்து ரிப்போர்ட் எடுப்பார், மென்பொருளை மூடுவார், மாலையில் தேதியை இன்றைக்குக் கொண்டுவந்து மெயில் அனுப்புவார். திறந்திருக்கும்போது ஒருமுறை சரியான தேதியைப் பார்த்துவிட்டால், அது பிறகு ஏமாறாது. பார்க்க வைத்தவள் நான்.

மூன்று ஆன்டிவைரஸ்களும் ஏன் இறந்தன என்பதும் புரிந்தது. ஜூனில் வாங்கிய லைசென்ஸ் பிப்ரவரியில் எப்படிச் செல்லும்? தேதி பின்னால் போகும் ஒவ்வொரு காலையும் பாதுகாப்பு அணைந்துவிடும். அது வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டி அடுத்ததை வாங்குவார்கள்.

மேனேஜர் வந்தார்.

“யாரும்மா உன்ன தேதிய தொட சொன்னது?”

“தப்பாக இருந்தது சார்.”

“தப்பாதாம்மா இருக்கணும் அது! அத தப்பா வெக்கறதுக்கே தெனம் ஒரு ஆளு குந்திகினு கீது!”

நான் சேகர் அண்ணனை அழைத்து நடந்ததைச் சொன்னேன்.

“ஐயையோ. ஃபார்மட் அடிச்சுட்டு திரும்ப டிரையல் போட்டுடலாமா?”

“மூன்று மணி நேரம் ஆகும் அண்ணா. பிறகு ஸ்கேனுக்கு இரண்டரை மணி நேரம்.”

“அப்ப அடிக்காத” என்று சொல்லி வைத்துவிட்டார். அவருடைய ஆலோசனைகள் பெரும்பாலும் இந்த அளவில் இருக்கும்.

4. முப்பத்திரண்டு காய்கள்

மணி ஒன்று. மேனேஜர் ஒரு வழி கண்டுபிடித்தார். போன வார ரிப்போர்ட்டை எடுத்து, லாட் எண்ணை மட்டும் மாற்றி அனுப்பிவிடலாம்.

“அளவெல்லாம் ஒரே மாதிரிதான எஸ்தரு வரும்? அடிக்கிற டை ஒண்ணுதான?”

“கீழ கையெழுத்து என்னுது சார்.”

“என்னமோ சாமி சத்தியம் பண்ற மாதிரி பேசாத. நாலு மணிக்கு லாரி. போவலன்னா நீதான் போவ.”

எஸ்தர் அக்கா கைபேசியை எடுத்து, வாகனத் தொழிற்சாலையில் வந்த சரக்கைச் சோதிக்கும் அதிகாரியை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், பிராக்கெட் எஸ்தர் பேசறேன். இன்னிக்கு சாஃப்ட்வேர் போயிடுச்சு. கையால அளந்து எழுதி அனுப்புனா ஒத்துக்குவீங்களா?”

“அளவு சரியா இருந்தா நீ எதுல எழுதுனா என்னம்மா? ஒவ்வொரு பீஸுக்கும் நம்பர் போடு. இன்னிக்குத் தேதி போடு. ஆனா மெயில்லதான் வரணும். அந்த பிளாக்க எங்க ஐ.டி.காரங்ககிட்ட நீங்களே பேசி எடுத்துக்கோங்க.”

ஆகவே இரண்டு வேலைகளும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும். தேதியை மறுபடி அக்டோபருக்கு மாற்றினேன்; கணினி ஸ்கேன் செய்யட்டும். காய்களைக் கணினியின்றி அளப்போம். முப்பத்திரண்டு காய்கள், ஒவ்வொன்றிலும் ஆறு அளவுகள். ஒருவர் அளந்து எழுதவும் செய்தால் நாலு மணிக்கு முடியாது. நான் காகிதத்தில் கட்டம் போட்டு, பேனாவோடு உட்கார்ந்தேன்.

“ஒண்ணு. நீளம் நாப்பத்தெட்டு புள்ளி சைபர் ரெண்டு. அகலம் பதினெட்டு புள்ளி சைபர் ஒண்ணு. ஹோல் எட்டு புள்ளி சைபர் அஞ்சு.”

அவர் வேகத்துக்கு என் பேனா ஓடவில்லை. பத்தாவது காய்க்குப் பிறகு ஓடியது. மேனேஜர் என் தோளுக்குப் பின்னால் நின்று, “எழுத்து பிரிண்ட் அடிச்ச மாதிரி கீதே” என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளும் நிலையில் நான் இல்லை.

இருபத்தொன்றாவது காயின் துளை அளவு எல்லையைத் தாண்டியது. நான் எழுதிவிட்டேன். அவர் காயைத் திருப்பி விளிம்பில் விரலை ஓட்டி, இருந்த பிசிறை அரத்தால் எடுத்துவிட்டு மறுபடி அளந்தார். எல்லைக்குள் வந்தது. முதலில் எழுதியதை அடிக்கப் போனேன்.

“அடிக்காதீங்க. பக்கத்துல ரெண்டாவது அளவ எழுதி, பிசிறு எடுத்ததுன்னு போடுங்க. நாளைக்கி அவன் கேட்டா நான் பதில் சொல்லணும்.”

அந்த அலுவலகத்தில் அன்று நான் கண்ட, எரிச்சலூட்டாத ஒரே செயல் அதுதான்.

மூன்று மணி பத்து நிமிடத்துக்கு அளவெடுப்பு முடிந்தது. மூன்றரைக்கு ஸ்கேன் முடிந்தது. அகற்றப்பட்ட வைரஸ்களில் பெரும்பகுதி, யாரோ பென் டிரைவில் கொண்டுவந்து போட்ட ஒரு சினிமா ஃபோல்டரில் இருந்தது.

“அந்தப் படத்த நான் இன்னும் பாக்கலியேம்மா” என்றார் மேனேஜர்.

ஸ்கேன் ரிப்போர்ட்டை என் கைபேசியிலிருந்து அந்தத் தொழிற்சாலையின் ஐ.டி. பிரிவுக்கு அனுப்பினேன். அவர்கள் தடையை நீக்க இருபது நிமிடம் எடுத்துக்கொண்டார்கள். கையால் எழுதிய தாள்களில் எஸ்தர் அக்கா ஒவ்வொரு பக்கமாகக் கையெழுத்திட்டார்; ஸ்கேனரில் வைத்து மெயிலில் அனுப்பினோம். நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு லாரி புறப்பட்டது. ஐந்து மணிக்குச் சரக்கு இறங்கிவிட்டதாகத் தகவல் வந்தது.

5. மறுபடியும் பிப்ரவரி

முடிந்தது என்று நினைத்துப் பையை எடுத்தேன்.

“அப்புறம் மா,” என்றார் மேனேஜர், “அந்த டிரையல எடுத்துட்டு புதுசா இன்னொரு டிரையல் போட்டுட்டுப் போயிடு. தேதிய எஸ்தரு பாத்துக்கும்.”

காலையிலிருந்து நடந்தவை எல்லாம் எதனால் நடந்தன என்று நான் அவருக்கு விளக்கினேன். தேதி பின்னால் போனால் ஆன்டிவைரஸ் அணையும், வைரஸ் வரும், மெயில் நிற்கும், லாரி நிற்கும் என்று ஒவ்வொரு படியாகச் சொன்னேன். அவர் முழுவதையும் தலையாட்டிக் கேட்டார்.

“புரிஞ்சுது மா. அப்ப ஆன்டிவைரஸ எடுத்துடலாமா?”

பதில் சொன்னவர் எஸ்தர் அக்கா.

“இனிமே நான் தேதி மாத்த மாட்டேன் சார். லைசென்ஸ் வாங்குங்க. வாங்கற வரிக்கும் கையால அளக்கறேன்.”

“ரெண்டு ஆளு வேல அது. தெனம் எவ உனக்கு எழுதித் தருவா?”

“ஒரு மணி நேரம் ஓ.டி. குடுங்க. நானே எழுதிக்கறேன்.”

மேனேஜர் லைனுக்குப் போய்விட்டார். தேதி தானாகவே இணையத்திலிருந்து சரியாகும்படி அமைத்து, சாதாரணப் பயனர் அதை மாற்ற முடியாதபடி செய்து, நானும் கிளம்பினேன்.

மூன்று மாதம் கழித்து வேறொரு வேலைக்காக அங்கே போனேன். அளவீட்டு மென்பொருளுக்கு லைசென்ஸ் வாங்கியிருந்தார்கள். எட்டு லாட்டுகள் கையால் எழுதப்பட்டு, எட்டு முறை லாரி தாமதமான பிறகு வாங்கியது. எஸ்தர் அக்காவின் நிரந்தரப் பணி உத்தரவு இன்னும் வரவில்லை. ‘அனுசரித்துப் போகத் தெரியவில்லை’ என்று அவருடைய கோப்பில் எழுதி, ஆறு மாதம் தள்ளிவைத்திருந்தார்கள்.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். தேதியைத் தொடுவதற்கு முன் அவரைக் கேட்டிருக்க வேண்டும் என்றேன். அதுதான் அந்த நாளிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் என்றும் சொன்னேன்.

அவர் வெர்னியரைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

“கேட்டிருந்தா, மதர்போர்டு பேட்டரி போயிடுச்சு மேடம், தேதி அப்டித்தான் வரும், தொடாதீங்கன்னு சொல்லியிருப்பேன். நீங்களும் நம்பிட்டு போயிருப்பீங்க. நான் இன்னிக்கும் காலைல வந்து பிப்ரவரிக்குப் போயிகினு இருப்பேன்.”

ஆகவே பாடத்தைத் திருத்தி எழுதுகிறேன். ஆன்டிவைரஸ் போடுவதற்கு முன் வலது கீழ்மூலையைப் பாருங்கள். தேதி தவறாக இருந்தால் யார் மாற்றியது, எதற்கு என்று கேளுங்கள். திறந்திருக்கும் எல்லாவற்றையும் மூடுங்கள். பிறகு, வந்த பதில் எதுவாக இருந்தாலும், திருத்துங்கள். அன்று மாலை நாலு மணி வரை அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள்.