ஆமென் சொல்லாத வெள்ளிக்கிழமைகள்

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் அந்த வாரம் யார் வீட்டில் என்று எங்கள் தெருவில் யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. எந்த வீட்டுப் பெண் மத்தியானமே அக்கம்பக்கத்தில் பாய் இரவல் கேட்டு நடக்கிறாளோ, அந்த வீட்டில்தான்.

யுத்தம் முடிந்திருந்தது, ரேஷன் முடியவில்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலம். அதனால் பொழுது சாய்வதற்கு முன்பே கூடி, விளக்கு ஏற்றுவதற்கு முன்பே கலைந்துவிடுவோம். நீளமாக ஜெபிக்கும் எங்கள் சபை உபதேசியாருக்கு அந்த ஒன்றுதான் கடிவாளம். தெருவில் பாதிப் பேர் பனங்காட்டு ஊர்களிலிருந்து தூத்துக்குடிக்குப் பிழைக்க வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள். நானும் அப்படித்தான். புதிதாகக் கல்யாணமாகி, துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தேன். கப்பல்கள் கரைக்கு வராமல் கடலுக்குள் தூரத்தில் நிற்கும். தோணிகள் சரக்கை ஏற்றிக்கொண்டு போகும், வரும். எந்த மூட்டை எந்தத் தோணியில், எங்கே இறக்க வேண்டும் என்று பார்த்துக் கத்துவது என் வேலை.

கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் ஒவ்வொருவரும் தம் குறையைச் சொல்வார்கள். உபதேசியார் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஜெபமாக ஏறெடுப்பார். ஒவ்வொரு விண்ணப்பம் முடிந்ததும் எல்லாரும் "ஆமென்" என்போம். காய்ச்சல், பிரசவம், பரீட்சை என்று வந்தவரைக்கும் சிக்கலே இல்லை. சிக்கல் புரட்டாசியில் வந்தது.

எங்கள் எதிர் வீட்டில் ஒரு டீச்சர் இருந்தார். அவருடைய மாமனாருக்கு ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே வயல். அந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை, நாற்று கருகிக்கொண்டிருந்தது. தெருக்கோடி வீட்டுக்காரர் உப்பளம் குத்தகைக்கு எடுத்திருந்த அண்ணாச்சி. வாரிய உப்பு அம்பாரமாகக் குவிந்து கிடந்தது. மூட வேண்டிய பனையோலை இன்னும் வந்து சேரவில்லை. இன்னும் கொஞ்ச நாள் வெயில் அடித்தால் அவர் தப்பிப்பார். மழை பெய்தால் டீச்சர் தப்பிப்பார்.

டீச்சர் வீட்டுக் கூட்டத்தில் உபதேசியார் மழைக்காக உருக்கமாக ஜெபித்தார். எல்லாரும் ஆமென் சொன்னோம். உப்பள அண்ணாச்சி வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் அண்ணாச்சி வீட்டில், "நல்ல வெயிலைக் கட்டளையிடும்" என்றபோது டீச்சர் சேலைத் தலைப்பைச் சரிசெய்வதில் மும்முரமாகிவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். தெருவில் எதிர்ப்பட்டால் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

உபதேசியார் சாமர்த்தியசாலி. மூன்றாவது வாரம், "வானத்தின் காரியம் உமது சித்தப்படி ஆகட்டும்" என்று பொதுவாக முடித்தார். அது யாருக்கும் பிடிக்கவில்லை.

"சித்தம் இருக்கட்டும் ஐயா. என் நாத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றார் டீச்சர்.

"என் உப்பைப் பத்தியும்தான் சொல்லலை," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார் அண்ணாச்சி.

நான்காவது வாரம் எங்கள் வீட்டு முறை. அந்த வாரம் பார்த்து உபதேசியாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வியாழக்கிழமை கம்பளித் துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். தொண்டையைத் தொட்டுக் காட்டினார், கையை விரித்தார், பிறகு என் நெஞ்சில் ஒரு விரலை வைத்தார்.

நாளைய ஜெபம் என் தலையில். கடல் நடுவே நின்று கத்த எனக்குக் கூச்சமில்லை. ஆனால் நாலு பேர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் வாய்விட்டு ஜெபிப்பது என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். என் மனைவி மிஷன் போர்டிங்கில் வளர்ந்தவள். அவளுக்கு மூச்சு விடுவதுபோல ஜெபம் வரும்.

"ஏளா, நீயே சொல்லிரேன்," என்றேன்.

"ஆம்பிளைங்க இருக்கிற கூட்டத்துல என்னைச் சொல்ல விடுவாவளா? சும்மா பேசுத மாதிரி பேசுங்க. ஆண்டவருக்கு எல்லாத் தமிழும் தெரியும்," என்று சொல்லிவிட்டுப் பாய் இரவல் கேட்கப் போய்விட்டாள்.

போதாக்குறைக்கு, வெள்ளிக்கிழமை காலையில் தெருமுக்குக் கடை அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். அவர் சாமி வேறு, ஆனால் எங்கள் கூட்டத்துக்குப் பெஞ்சு கொடுத்து உதவுகிறவர். "தம்பி, இன்னைக்கு நீருதான் ஜெபம் பண்ணுதீராம்லா? என் கருப்பட்டி கொழும்புத் தோணில கிடக்கு. தோணிக்காரன் காத்து இல்லாம பாய்மரப் பாயை விரிக்காம நிக்கான். உம்ம ஆண்டவர்ட்ட ஒரு வார்த்தை போட்டு வையும்," என்றார். ஆக, ஒருவருக்கு மழை, ஒருவருக்கு வெயில், ஒருவருக்குக் காற்று.

சாயங்காலம் வீடு நிறைந்தது. டீச்சர் கிழக்குச் சுவரோரம், உப்பள அண்ணாச்சி மேற்குச் சுவரோரம். நடுவில் ஊமையாக உபதேசியார். பாட்டு முடிந்தது. எல்லாரும் கண்ணை மூடினார்கள்.

"பரம பிதாவே," என்று தொடங்கினேன். அதுவரை நன்றாக இருந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. யாரோ பெருமூச்சு விட்டது கேட்டது. என் மனைவி முழங்கையால் இடித்தாள். எனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஆண்டவரே, மழை ஸ்ரீவைகுண்டத்துக்கு. டீச்சர் வயல்ல கொண்டுபோய் இறக்கணும். வழியில எங்கயும் இறக்கப்படாது. முக்கியமா மாப்பிள்ளையூரணி தாண்டிக் கிழக்க ஒரு சொட்டும் சிந்தப்படாது, அங்கன உப்பு கிடக்கு. வெயில் இங்கனயே நிக்கட்டும். காத்து மட்டும் கொழும்புக்கு. எதையும் மாத்தி ஏத்திராதேயும்!"

கடைசி வரியைத் துறைமுகத்தில் கத்துவது போலவே கத்திவிட்டேன் போலிருக்கிறது. அப்புறம் கிழக்குச் சுவரோரம் ஒரு சத்தம். டீச்சர் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். உடனே மேற்குச் சுவரிலிருந்து வெடித்தது அண்ணாச்சியின் சிரிப்பு. அதற்குப் பிறகு யாரையும் அடக்க முடியவில்லை. சத்தம் வராத தொண்டையோடு உபதேசியார் சிரிக்க முயன்று, இருமி, கண்ணில் நீர் வழிய என் தோளைப் பிடித்துக்கொண்டார். எனக்கோ கூச்சத்தில் அழுகை வரும்போல இருந்தது.

"ஆமென்!" என்றார் அண்ணாச்சி, மூச்சு வாங்க.

"ஆமென்," என்றார் டீச்சர்.

அன்றைக்குக் கருப்பட்டிக் காப்பி குடிக்கும்போது இரண்டு பேரும் ஒரே தட்டிலிருந்து முறுக்கு எடுத்தார்கள். பேசவில்லை. ஆனால் எடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கிழக்கே கடல் கறுத்தது. தோணி வேலையை நிறுத்திவிட்டார்கள். நான் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். உப்பள அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் ஓடுவதைப் பார்த்தேன். அம்பாரம் திறந்து கிடந்தது. ஓலை அன்றைக்கும் வரவில்லை.

முக்குக் கடை அண்ணாச்சி குடோனைத் திறந்து, இருந்த சாக்கு, பழைய ஓலைப்பாய் எல்லாவற்றையும் வண்டியில் தூக்கிப் போட்டார். வெள்ளிக்கிழமைக்கு இரவல் வாங்கியிருந்த பாய்களை என் மனைவி திருப்பிக் கொடுத்திருக்கவில்லை, அவையும் ஏறின. தெருவில் கை கால் உள்ள எல்லாரும் உப்பளத்துக்குப் போனோம். பாதி மூடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்த டீச்சர், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாய் பறக்காமல் இருக்க அதன் ஓரத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

உப்பள அண்ணாச்சி எதிர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் தண்ணீர்.

"டீச்சர், உங்க மழை இங்கன வந்துட்டு," என்றார்.

"நான் வயலுக்குத்தான் கேட்டேன் அண்ணாச்சி. சரக்கை மாத்தி இறக்கினது உங்க டாலி கிளார்க்கு," என்றார் டீச்சர்.

பல நாளுக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பேசிய பேச்சு அது. நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அம்பாரத்தில் ஒரு பகுதி கரைந்து போனது. பெரும்பகுதி தப்பியது. ஸ்ரீவைகுண்டத்தில் அன்றைக்கு ஒரு தூறல்கூட இல்லை என்று டீச்சருக்குச் சேதி வந்தது. மழையோடு வந்த காற்று எதிர்த்திசையில் அடித்ததால் கொழும்புத் தோணி இன்னும் சில நாள் இங்கேயே நின்றது. "உம்ம ஆண்டவர் நல்லவருதான், நீரு சொன்னது அவருக்கு விளங்கலை," என்று கடை அண்ணாச்சி என்னிடம் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை உபதேசியாருக்குத் தொண்டை திரும்பியிருந்தது. எல்லாரும் குறைகளைச் சொல்லி முடித்ததும் அவர் ஜெபிக்கத் தொடங்கவில்லை. உப்பள அண்ணாச்சியைப் பார்த்து, "டீச்சர் வயலுக்காக நீரு ஜெபம் பண்ணும்," என்றார். அண்ணாச்சி திடுக்கிட்டார். தலையைச் சொறிந்தார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆண்டவரே, அந்த அம்மா நாத்து வாடுது. மலையில பெய்ய வையும், ஆத்துல தண்ணி விடும். அவங்க எனக்காக நனைஞ்சாங்க. ஆமென்."

உபதேசியாரின் அரை மணி நேர ஜெபங்கள் எத்தனையோ கேட்டிருக்கிறேன். ஒன்றுக்கும் எல்லாரும் அவ்வளவு சத்தமாக ஆமென் சொல்லிக் கேட்டதில்லை. பிறகு டீச்சர் உப்புக்காக ஜெபித்தார். கூட்டத்தில் ஆண்கள் நடுவே ஒரு பெண் ஜெபித்தது அதுதான் முதல் தடவை. உபதேசியார் ஆட்சேபிக்கவில்லை, வேறு யாருக்கும் அது அப்போது தோன்றவே இல்லை. என் மனைவிக்கு மட்டும் தோன்றியது. என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த மாதமே அவளும் ஜெபித்தாள், நன்றாகவே ஜெபித்தாள்.

ஐப்பசியில் மலையில் மழை பெய்து ஆறு நிறைந்தது. கருகியது போக மீதி நாற்றை நட்டார்கள். மார்கழியில் உப்பள அண்ணாச்சி யாரோ சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம் போனவர், விசாரித்து அந்த வயலைப் போய்ப் பார்த்திருக்கிறார். அந்த வெள்ளிக்கிழமை அவர்தான் முதலில் வந்து உட்கார்ந்தார். கூட்டம் சேர்ந்தது. பாட்டும் முடிந்தது. உபதேசியார் கண்ணை மூடப்போனார்.

"கொஞ்சம் பொறுங்க ஐயா," என்று அண்ணாச்சி எழுந்து நின்றார். "டீச்சர், உங்க வயலைப் பார்த்தேன். பயிர் இம்புட்டு உசரம் நிக்கி," என்று தம் தொடைக்கு நேரே கையை வைத்துக் காட்டினார். வரப்பு எப்படி இருந்தது, கொக்கு எங்கே நின்றது, டீச்சரின் மாமனார் என்ன சொன்னார் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது, ஜெபத்துக்கு இனி நேரமில்லை. உபதேசியார் வேதப்புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.