கண்ணாடியில் மட்டும் கை வைக்காதே

என் கணவர் ஒரகடத்தில் பணியாளர் பேருந்து ஓட்டுகிறவர். மண்ணூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். நான் தென்காசிப் பக்கமிருந்து வேலைக்கு வந்து, மின்னணுப் பொருள்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் டெஸ்டிங் பிரிவில் சேர்ந்தவள். அப்போது எங்கள் கம்பெனி வண்டியை ஓட்டியவர் அவர்தான். ஏறும்போதும் இறங்கும்போதும் பேசிய பேச்சு கல்யாணத்தில் வந்து முடிந்தது.

போன மழைக்காலத்தில் ஒருநாள் அவர் பைக்கில் சிங்கப்பெருமாள் கோவில் சாலையில் வந்துகொண்டிருந்தார். முன்னால் போன டிரெய்லர் லாரி சட்டென்று திரும்பியிருக்கிறது. பிரேக் பிடித்ததும் பைக் சறுக்கிவிட்டது. இடது கால் எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை செய்து, கட்டுப் போட்டு, பிறகு கட்டைப் பிரித்தும் ஆயிற்று. இனி வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் அவர் வேலைக்குப் போகவில்லை. "இன்னும் வலிக்குது" என்பார். நானும் நம்பினேன். பகலெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து சாலையில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஷிப்ட் முடிந்து வந்தால் சாப்பிட்ட தட்டு அப்படியே இருக்கும்.

என் தம்பி போன் செய்தபோது இதைச் சொன்னேன்.

"மாமா சும்மாதானக்கா இருக்காங்க. எம் பழைய கம்ப்யூட்டர பார்சல்ல போட்டு விடுதேன். பஸ் ஓட்டுத கேம் ஒண்ணு இருக்கு, அதையும் ஏத்தி விடுதேன்" என்றான்.

கணினி வந்தது. முதல் நாள் அவர் ஆர்வமாகத்தான் உட்கார்ந்தார். மலைப் பாதையில் பேருந்து நன்றாகவே ஓடியது. ஆனால் ஊருக்குள் நுழைந்து கடைத்தெரு வந்ததும் படம் ஒரு நொடி உறைந்து நிற்கும். பிறகு ஒரே தாவு தாவும். அதற்குள் முன்னால் போன ஆட்டோ பேருந்தின் மூக்கில் வந்து நிற்கும். மூன்றாவது முறை அப்படி ஆனபோது விசைப்பலகையிலிருந்து கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை.

"எடுத்து வையி. இதுல இன்னா கீது" என்றார்.

தம்பியிடம் கேட்டேன். "பழைய மெஷின்லா, அதான் திணறுது. செட்டிங்ஸ்ல போயி எல்லாத்தையும் லோவுல போட்டுரு" என்றான். அப்படியே செய்தேன். தடங்கல் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் கட்டடங்கள் அட்டைப்பெட்டி மாதிரி ஆகிவிட்டன. பேருந்தின் பக்கக் கண்ணாடிகளில் வெறும் சாம்பல் பூச்சு.

அவர் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தினார். "பின்னாடி இன்னா வருதுன்னே தெரில. இத்த எப்டித் திருப்பறது?"

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. பல வாரங்களுக்குப் பிறகு அவர் ஓட்டுநராக ஒரு குறை சொல்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்து இரண்டு நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தோம். எங்கள் பிரிவில் ஒரு சர்க்யூட் போர்டு சோதனையில் தேறாமல் போனால், ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றிப் பார்ப்போம். இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது. அதே முறையை இங்கேயும் பிடித்தேன். திரையின் மூலையில், நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்ற எண் தெரியும்படி வைத்துக்கொண்டேன். அவர் ஒவ்வொரு முறையும் அதே கடைத்தெருவில் ஓட்ட வேண்டும். நான் எண்ணைப் பார்ப்பேன்.

முதலில் எல்லாவற்றையும் பழையபடி உயர்த்தி வைத்துவிட்டு, நிழல்களை மட்டும் குறைத்தேன். எண் நன்றாக ஏறியது. புல், செடிகளைக் குறைத்ததில் கொஞ்சம் ஏறியது. சுவர், சாலை இவற்றின் நுணுக்கத்தைக் குறைத்துப் பார்த்தேன், எந்த வித்தியாசமும் இல்லை, அதனால் திரும்ப ஏற்றிவிட்டேன். படத்தின் தெளிவை ஒரு படி இறக்கியதும் எண் இன்னும் ஏறியது, ஆனால் பெயர்ப்பலகை எழுத்துகள் லேசாக மங்கின.

"படிக்க முடியுதா?"

"முடியுது. அது போதும்."

பிறகு கண்ணாடிக்கு வந்தேன். அதுதான் இருப்பதிலேயே பெரிய சுமை. ஒவ்வொரு கண்ணாடிக்கும் கணினி அந்தச் சாலையை இன்னொரு முறை வரைந்தாக வேண்டும். அதைச் சொன்னேன்.

"கண்ணாடில மட்டும் கை வைக்காத. நெழலு இல்லாம ஓட்டுவேன், மரம் இல்லாம ஓட்டுவேன். கண்ணாடி இல்லாம முடியாது" என்றார்.

அதை விட்டுவிட்டேன். இருந்தும் கடைத்தெருவில் லேசான வெட்டு மிச்சமிருந்தது. எண்ணைக் கவனித்தேன். காலியான சாலையில் ஐம்பதுக்கு மேல் போகும், கூட்டம் வந்ததும் முப்பதுக்கு இறங்கும். முப்பதுக்கு மேல் போகாதபடி பூட்டு போட்டேன்.

"கொறைக்கிறியே, ஸ்லோ ஆயிடாதா?"

"கூடிக் கொறஞ்சு ஓடுததுனாலதான் வெட்டுது. ஒரே சீரா ஓடட்டும்" என்றேன்.

அவருக்கு உடனே பிடிபட்டது. "ஆமா, ஏத்தி எறக்கி ஓட்டுனா உள்ள நிக்கிறவன் வுழுவான்."

மறுபடி ஓட்டினார். கடைத்தெருவில் ஒரு ஆட்டோ குறுக்கே புகுந்தது. பிரேக் அழுத்தினார். பேருந்து மெல்ல மெல்ல வேகம் குறைந்து ஆட்டோவுக்குப் பின்னால் நின்றது. எல்லாம் கண்ணுக்கு முன்னால், ஒரு துண்டும் விட்டுப்போகாமல் நடந்தது. அவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹார்ன் அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அன்னைக்கு லாரி திரும்புச்சு பாரு" என்றார் திரையைப் பார்த்தபடி. "பிரேக் புடிச்சேன். அப்பறம் ரோட்டுல கெடந்தேன். நடுவுல இன்னா நடந்துச்சுன்னு எனக்குத் தெரியவே தெரியாது. இதுல படம் நின்னு குதிக்கறப்பல்லாம் அதான் வந்துச்சு. கால் வலி எப்பவோ போயிடுச்சு."

"மொதல்லயே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா" என்றேன்.

"அம்பது பேர ஏத்திக்கினு போறவன், பயமா கீதுன்னு யார்கிட்ட சொல்றது?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒளித்துவைத்தார் என்ற கோபம் வரவில்லை. அவர் வலிக்குது என்றபோதெல்லாம், எங்கே வலிக்கிறது என்று நானும் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே கியரைப் போட்டு வண்டியை எடுத்தார்.

அந்த விளையாட்டுதான் அவரைத் தேற்றியது என்று சொல்ல மாட்டேன். வாய்விட்டுச் சொன்னதும் ஒரு காரணமாக இருக்கலாம். அதன்பின் தினமும் ஓட்டினார். ஒருநாள் அவராகவே மழையைப் போடச் சொன்னார். மழையில் மறுபடி வெட்டியது. தேங்கிய தண்ணீரில் தெரியும் பிரதிபலிப்புகளை எடுத்துவிட்டேன். சரியாக ஓடியது.

பிறகு அவரே டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசரிடம் போய், ஆள் ஏற்றாமல் முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். சூப்பர்வைசர் மறுக்கவில்லை. கூட வேலை செய்யும் ஓட்டுநர் ஒருவர் பக்கத்தில் உட்கார, காலிப் பேருந்தை வாலாஜாபாத் வரை கொண்டுபோய்த் திருப்பிக்கொண்டு வந்தார். அடுத்த வாரம் ஜெனரல் ஷிப்ட் வண்டியைக் கொடுத்தார்கள்.

அவர் மறுபடி வண்டி எடுத்த முதல் நாள், காலை இடைவேளையில் லாக்கரிலிருந்து போனை எடுத்தவுடன் அவர் அழைப்பு வந்தது.

"எல்லாரையும் எறக்கி வுட்டுட்டேன். டீ குடிச்சிக்கினு கீறேன்" என்றார். அவ்வளவுதான். நான் கேன்டீன் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தேன். பக்கத்தில் இருந்தவள் என்னவென்று கேட்டாள். வீட்டுக்காரர் டீ குடிக்கிறார் என்றேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை உட்காரவைத்து ஓட்டச் சொல்கிறார். முதல் தடவை பேருந்து நிலையத்துத் தூணிலேயே இடித்தேன். "பேசஞ்சரெல்லாம் எறங்கிட்டாங்க, நீ மட்டும் போ" என்றார். போன வாரம் எனக்கு வண்டி பழகுவதற்கான எல்.எல்.ஆர். கிடைத்தது. முதலில் ஸ்கூட்டர் போதும் என்று நான் சொல்கிறேன். அவர் என் பெயரில் காருக்கும் சேர்த்தே விண்ணப்பித்திருக்கிறார்.